சூடும் பொறியும்

தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் பாக்குத் தோப்பானாலும் மஞ்சள் காடானாலும் சின்ன வெங்காய வயலானாலும் தண்ணீர் இறைக்க ஒரு மோட்டார் இருக்கும். கிணற்று மேட்டில் நிற்கும் மோட்டாராக இருந்தால் அதன் பெயர்ப் பலகையில் குதிரைத் திறன், வோல்ட், ஆம்பியர், சுற்று வேகம் ஆகிய விவரங்களுக்கு நடுவே தனியாக ஓர் எழுத்து பொறித்திருக்கும். பி என்றோ எஃப் என்றோ இருக்கும் அந்த எழுத்தை வாங்குகிறவர் அதிகம் கவனிப்பதில்லை. காயில் கட்டும் பட்டறைக்காரர் கவனிப்பார். உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பிக்குப் போட்ட மின்காப்பு எந்தச் சூடு வரைக்கும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும் என்பதை அந்த எழுத்து சொல்கிறது. ஏ வகுப்பு 105 டிகிரி செல்சியஸ், ஈ 120, பி 130, எஃப் 155, எச் 180. பல பத்தாண்டுச் சோதனைகள் சேர்ந்து இந்த ஓர் எழுத்தாகச் சுருங்கியிருக்கின்றன. 1910களிலும் 1920களிலும் ஓடிய கார்களின் இக்னிஷன் காயிலிலோ கண்டென்சரிலோ மேக்னெட்டோவிலோ இப்படி எதுவும் எழுதப்படவில்லை. அந்தக் காலத்துப் பாகம் ஒன்று கைக்கு வந்தால், அது எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதை நாமேதான் சோதித்து அறிய வேண்டும். சோதனை என்றதும் பலரும் செய்வது, பாகத்தைச் சூடாக்கி, பொறி வருகிறதா என்று பார்ப்பது. அந்த ஒற்றைச் சோதனை பெரும்பாலும் தவறான விடையையே தரும் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். சூடு ஒரு பழைய பாகத்துக்குள் ஒரே நேரத்தில் மூன்று வேறுபட்ட வேலைகளைச் செய்கிறது. அவற்றைப் பிரித்துக் காட்டாத சோதனை, நல்ல பாகத்தைக் கெட்டது என்றும் கெட்டதை நல்லது என்றும் சொல்லிவிடும்.

கோவைக்கு இது தொலைவான பொருள் இல்லை. 1920ல் ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, தாமே ஓட்டி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே சேவை தொடங்கினார். அது வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெயரில் பெரிய போக்குவரத்து நிறுவனமானது. அந்தத் தலைமுறை வண்டிகள் எல்லாம் பெட்ரோலில் ஓடியவை. ஒவ்வொரு சிலிண்டரிலும் உரிய கணத்தில் மின்பொறி விழுந்தால்தான் நகரும். அதே நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937ல் பீளமேட்டில் மின்மோட்டார் செய்து காட்டினார்கள். பொறி விழச் செய்யும் காயிலும் தண்ணீர் இறைக்கும் மோட்டாரும் ஊரில் அடுத்தடுத்து வந்தன, இரண்டிலும் உயிர்நாடி ஒன்றுதான்: செம்புக் கம்பியும் அதைச் சுற்றிய மின்காப்பும். மோட்டாரின் மின்காப்பைப் பற்றிக் கோவைப் பட்டறைகள் தலைமுறைகளாகச் சேர்த்து வைத்திருக்கும் அறிவு, பழைய காரின் இக்னிஷனைப் புரிந்துகொள்ளவும் அப்படியே பயன்படும். அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம் பழைய வண்டிகளைக் காத்து வருகிறது. தனியாரிடமும் இந்தப் பக்கத்தில் அத்தகைய வண்டிகள் உண்டு. அவற்றை நிறுத்தி வைத்து அழகு பார்ப்பதோடு ஓட்டவும் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் இந்தச் சூட்டுக் கேள்விக்கு வந்து சேர்வார்கள்.

அந்தக் காலத்துப் பாகங்கள் எவற்றால் ஆனவை என்று பார்த்தால் சிக்கல் பாதி விளங்கிவிடும். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் வெளிவந்த ஃபோர்டு டி மாடலில், ஒரு பெட்டிக்குள் நான்கு காயில்கள், சிலிண்டருக்கு ஒன்றாக. ஒவ்வொரு காயிலும் ஒரு சிறிய மரக்கூடு. மேலே அதிர்ந்துகொண்டே இருக்கும் பாயிண்ட், உள்ளே முதன்மைச் சுற்றும் துணைச் சுற்றும், மெழுகு ஊறிய காகிதமும் தகரத்தாளும் சேர்த்துச் சுருட்டிய கண்டென்சர், எல்லாவற்றையும் அசையாமல் பிடித்துக்கொள்ளச் சுற்றிலும் ஊற்றிய தார். ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்தின் காட்லோப் ஹோனால்டு 1902ல் உருவாக்கிய உயர் மின்னழுத்த மேக்னெட்டோவும் அதன் வழிவந்தவையும் பட்டு, பருத்தி, காகிதம், அரக்கு வார்னிஷ் ஆகியவற்றை நம்பியிருந்தன. அந்த அரக்கில் பெரும்பங்கு நம் நாட்டு மரங்களில் சிறு பூச்சிகள் சுரந்தது என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. 1912 கெடிலாக் காரில் கெட்டரிங் கொண்டுவந்த பாட்டரி இக்னிஷன் முறையிலும் பொருட்கள் இதே குடும்பம்தான். இவற்றில் பாரஃபின் மெழுகு 50 முதல் 65 டிகிரிக்குள் உருகும். அரக்கு 75 டிகிரியை ஒட்டி இளகும். தார் அதன் தரத்தைப் பொறுத்து முன்னும் பின்னும் இளகும். ஓடிச் சூடேறிய என்ஜினின் அருகே இந்த வெப்பநிலைகள் எல்லாம் சர்வ சாதாரணம். டி மாடலில் காயில் பெட்டி முதலில் ஓட்டுநர் அறைக்கும் என்ஜினுக்கும் நடுவிலுள்ள தடுப்பில் இருந்தது. 1926, 1927 வண்டிகளில் அது என்ஜினின் பக்கத்துக்கே போய்விட்டது. ஒரே பாகம், இரண்டு வெவ்வேறு வெப்பச் சூழல்கள். ஆகவே 'டி மாடல் காயில் சூட்டைத் தாங்குமா' என்று கேட்டால், எந்த ஆண்டு வண்டியின் சூடு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

சூடு செய்யும் முதல் வேலை, திரும்பி வரக்கூடிய வேலை. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். அறை வெப்பத்தில் 20 டிகிரியில் இருக்கும் காயில் 80 டிகிரிக்கு ஏறினால் அதன் தடை சுமார் 24 சதவீதம் அதிகமாகும். 6 வோல்ட் பாட்டரியில் 1.5 ஓம் தடையுள்ள முதன்மைச் சுற்று குளிர்ந்திருக்கும்போது 4 ஆம்பியர் இழுக்கும். சூட்டில் 3.2 ஆம்பியர்தான் இழுக்கும். குறைவு ஐந்தில் ஒரு பங்குதானே என்று தோன்றலாம். ஆனால் காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் சூடான காயிலில் சேர்வது குளிர்ந்த காயிலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான். எதுவும் பழுதாகாமலேயே, பாகம் புத்தம் புதிதாக இருந்தாலும், பொறியின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. விவரம் அறிந்தவர்கள் இங்கே ஒரு மறுப்பு சொல்வார்கள். வேகமாக ஓடும்போது பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் மிகக் குறைவு, மின்னோட்டம் உச்சத்துக்கு ஏறுவதற்குள் பாயிண்ட் திறந்துவிடும், அப்போது மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது காயிலின் தூண்டல்தானே தவிர தடை அன்று என்பார்கள். சரியான மறுப்புதான். அதனால்தான் இந்த இழப்பு நெடுஞ்சாலையில் தெரியாமல், மெதுவாக இயங்கும்போதும், அதைவிட முக்கியமாகச் சூடான என்ஜினை மறுபடி கிளப்பும்போதும் தெரிகிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் பாட்டரியைப் பிடித்து இழுக்க, 6 வோல்ட் அதற்கும் கீழே இறங்கியிருக்கும் நேரம் அது.

இரண்டாவதாக, மின்காப்பின் கசிவு. செம்பு சூட்டில் மின்சாரத்தைத் தடுக்கிறது. காகிதமும் மெழுகும் அரக்கும் நேர்மாறாக, சூட்டில் விட்டுக்கொடுக்கின்றன. இவற்றின் காப்புத் தடை ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பாதியாகும் என்பது மோட்டார் பட்டறைகளில் காப்புத் தடையை அளக்கும் மெகர் கருவியைப் பிடிப்பவர்களுக்குப் பழகிய விதி. 30 டிகிரியில் 16 மெகாஓம் காட்டும் ஒரு துணைச் சுற்று, 70 டிகிரியில் 1 மெகாஓம் ஆகிவிடும். 16 மெகாஓம் என்றால் பொறிக்கு ஒரு தீங்கும் இல்லை. 1 மெகாஓம் வழியாகப் பத்தாயிரம் வோல்ட் அழுத்தத்தில் 10 மில்லிஆம்பியர் கசியும். துணைச் சுற்றின் உச்ச மின்னோட்டமே சில பத்து மில்லிஆம்பியர்தான், அதில் கணிசமான பங்கு பிளக்கைப் போய்ச் சேராமல் உள்ளுக்குள்ளேயே கரைந்துவிடும். முதன்மைச் சுற்றின் பக்கத்திலிருக்கும் கண்டென்சருக்கு இதே அளவுக் கசிவு பொருட்டில்லை. அங்கே அழுத்தம் சில நூறு வோல்ட்தான், சில மெகாஓம் கசிவை அது உணரவே உணராது. கண்டென்சரின் ஆபத்து வேறு. மெழுகு விலகிய, ஈரம் புகுந்த ஓர் இடத்தில் கசிவு தொடங்கினால், அந்த இடம் மட்டும் தனியாகச் சூடேறும். சூடேறியதால் கசிவு கூடும், கசிவு கூடியதால் சூடு கூடும், கடைசியில் அந்தப் புள்ளியில் காகிதம் கருகி ஓட்டை விழும். அதன் பிறகு பாயிண்ட்டில் நீல வெளிச்சமாக மின்வில் எரிய, பிளக்குக்குப் போக வேண்டியது பாயிண்ட்டையே அரித்துத் தின்னும்.

திறந்த வெளியில் பிளக்கைக் கழற்றி, என்ஜினின் உலோகத்தில் சாய்த்து வைத்து, பொறி வருகிறதா என்று பார்க்கும் வழக்கம் இந்த இரண்டாவது விளைவை முற்றிலும் மறைத்துவிடும். காற்றில் பொறி தாண்டத் தேவையான மின்னழுத்தம், இடைவெளியையும் வாயுவின் அடர்த்தியையும் பெருக்கி வரும் அளவைப் பொறுத்தது என்று பாஷென் 1889லேயே காட்டிவிட்டார். நாலுக்கு ஒன்று என்ற அளவில் அமுக்கும் பழைய என்ஜினுக்குள் வாயுவின் அடர்த்தி வெளியே இருப்பதைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆக அதே பிளக் இடைவெளியைத் தாண்ட மூன்று, நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். வெளியில் அழகாகப் பொறி காட்டும் காயில், சிலிண்டருக்குள் ஒன்றும் செய்யாமல் இருப்பது இதனால்தான். பிளக்கின் சிறு இடைவெளிக்குப் பதிலாக 5, 6 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள கூர்முனைச் சோதனைக் கருவியில் பொறி தாண்ட வைத்துப் பார்த்தால்தான் காயிலின் உண்மையான வலு வெளிப்படும். அதுவும் சூட்டில் பார்க்க வேண்டும், ஒன்றிரண்டு பொறியோடு நிறுத்தாமல் சில நிமிடங்கள் விடாமல் ஓட விட்டு, எங்கேனும் தப்புகிறதா என்று எண்ண வேண்டும்.

மூன்றாவது வேலைதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. பருத்தியும் காகிதமும் அரக்கும் ஈரத்தை உறிஞ்சும். சிறுவாணி மலையடிவாரத்தில் தென்மேற்குப் பருவத்தின் சாரல் வாரக்கணக்கில் நிற்காத நாட்களில், கொட்டகையில் நிற்கும் வண்டியின் காயிலும் அந்த ஈரத்தில் பங்கு எடுத்துக்கொள்ளும். அந்தக் காயிலை அடுப்பில் வைத்துச் சூடேற்றினால், முதலில் அதன் காப்புத் தடை சரசரவென்று இறங்கும். சூட்டின் காரணமாக ஒரு பங்கு, உள்ளிருந்து ஈரம் இடம்பெயர்வதால் ஒரு பங்கு. பிறகு ஈரம் வெளியேற வெளியேற, வெப்பநிலை அப்படியே இருக்கும்போதே, தடை மெல்ல மேலே ஏறத் தொடங்கும். வெள்ளத்தில் மூழ்கிய மோட்டாரை உலர்த்திக் கட்டும் பட்டறைகளில் இந்த வளைகோட்டைத் தெரியாதவர் கிடையாது. முதலில் இறங்கி, தரையைத் தொட்டு, பின் ஏறி, ஓரிடத்தில் நிலைத்தால்தான் மோட்டார் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்வார்கள். காயிலைச் சோதிப்பவர் இந்த வளைகோட்டின் அடிப்புள்ளியில் அளவெடுத்தால் 'சூட்டில் இது செத்துப்போகிறது' என்று எழுதுவார். ஒரு நாள் கழித்து, அதே சூட்டில், அதே காயிலில் அளந்தால் 'சூடு இதை ஒன்றும் செய்யவில்லை' என்று எழுதுவார். இரண்டுமே அளவாகச் சரி, முடிவாகத் தவறு. அரக்கில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அது சூட்டில் முதலில் இளகும், நெடுநேரம் சூட்டிலேயே இருந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, பிறகு எளிதில் உருகாத கெட்டிப் பொருளாக மாறும். பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் மேக்னெட்டோக்களில் அரக்கு இளகி வழிந்து ஆர்மேச்சரையே சுற்ற விடாமல் பிடித்துக்கொள்வது, அவற்றுக்குக் காயில் கட்டுவோர் நன்கறிந்த நோய்.

ஆக சூடு பாகத்தின் நடத்தையைத் தற்காலிகமாக மாற்றுகிறது, ஈரத்தை ஓட்டிச் சில நேரம் பாகத்தை மேம்படுத்துகிறது, பொருளை நிரந்தரமாகவும் மாற்றிவிடுகிறது. இவற்றைப் பிரிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. அளவெடுக்கும் வரிசைதான் முக்கியம். முதலில் பாகத்தை 50 டிகிரிக்குள் நிதானமாக உலர்த்தி, காப்புத் தடை நிலைக்கும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு அறை வெப்பத்துக்கு ஆற விட்டு அளக்க வேண்டும். அடுத்து 40, 50 என்று, மெழுகு இளகும் வெப்பத்துக்குக் கீழேயே நின்று, படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சூடு மையம் வரை ஊறும் மட்டும் காத்திருந்து அளக்க வேண்டும். கடைசியில் மறுபடி ஆற விட்டு, முதலில் எடுத்த அளவுகளைத் திரும்ப எடுக்க வேண்டும். தொடக்கத்தின் எண்ணுக்கே திரும்பி வந்தால், நடுவில் கண்டது எல்லாம் தற்காலிக விளைவு. வராவிட்டால், சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே பாகம் மாறியிருக்கிறது. என் கணிப்பில் இந்த மூன்றாவது, ஆறிய பின் எடுக்கும் அளவே மொத்தச் சோதனையிலும் மதிப்பு மிக்கது. பெரும்பாலோர் விட்டுவிடுவதும் அதைத்தான்.

மையம் வரை சூடு ஊறிவிட்டதா என்று எப்படித் தெரியும்? தலைமுடி உலர்த்தும் கருவியைக் காட்டி, மேலே தொட்டுப் பார்த்துச் சூடாக இருக்கிறது என்று சொல்வது போதாது. தாரும் மரமும் சூட்டை மெதுவாகக் கடத்துபவை. மேற்பரப்பு 70 டிகிரியில் கொதிக்கும்போது மையத்துச் செம்பு 40ஐத் தாண்டாமல் இருக்கலாம். இங்கே மோட்டார் தொழில் கற்றுத்தந்த ஒரு வழி உதவுகிறது. செம்புச் சுற்றே ஒரு வெப்பமானி. குளிர்ந்த நிலையில் அதன் தடையும் வெப்பநிலையும் தெரிந்திருந்தால், சூட்டில் தடையை அளந்தே உள்வெப்பத்தைக் கணக்கிடலாம். இரண்டு தடைகளின் விகிதம், இரண்டு வெப்பநிலைகளோடும் தனித்தனியே 235ஐக் கூட்டி வரும் எண்களின் விகிதத்துக்குச் சமம். 30 டிகிரியில் 1.50 ஓம் காட்டிய சுற்று 1.80 ஓம் காட்டினால், 265ஐ 1.2ஆல் பெருக்கி 235ஐக் கழிக்க வேண்டும். விடை 83 டிகிரி. கோவையின் சிட்டார்க் போன்ற சோதனைக் கூடங்களில் பம்ப் மோட்டாரின் வெப்ப ஏற்றத்தைக் கண்டறிவதும் இந்தத் தத்துவத்தில்தான். கையில் வேண்டியது சிறு தடைகளைத் துல்லியமாக அளக்கும் ஒரு மீட்டர். சாதாரண மல்டிமீட்டரின் கம்பித் தடையே கணக்கைக் கெடுத்துவிடும்.

டி மாடலின் பெட்டி சோதனை செய்பவருக்கு ஓர் அரிய வசதியும் தருகிறது. அதற்குள் ஒரே ஆலையில் செய்த, ஒரே வண்டியில் ஓடிய, ஒரே கொட்டகையில் கிடந்த நான்கு காயில்கள் இருக்கலாம். மூன்றை அடுப்பில் வைத்து ஒன்றை அறை வெப்பத்திலேயே விட்டு, நான்கையும் ஒரே நாளில் ஒரே கருவியால் அளந்தால், அன்றைய ஈரப்பதமோ கருவியின் தள்ளாட்டமோ முடிவைக் கெடுத்தால் நான்காவது காயில் காட்டிக்கொடுத்துவிடும். மருந்தாராய்ச்சியில் ஒப்பீட்டுக் குழு வைப்பதன் பின்னிருக்கும் காரணமும் இதுவே. நான்கும் உண்மையிலேயே உடன்பிறந்தவையா, இடையில் யாரேனும் ஒன்றை மாற்றியிருக்கிறார்களா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய வண்டிகளில் நான்கில் ஒன்றாவது மாறியிருப்பது வழக்கம். அப்படியே இருந்தாலும் நான்கு என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. 'இந்த நான்கும் இப்படி நடந்துகொண்டன' என்று சொல்லலாம். 'டி மாடல் காயில்கள் எல்லாம் இப்படித்தான்' என்று சொல்ல இந்தச் சோதனை உரிமை தராது.

இனி, பொறுமையற்றவர்கள் கேட்கும் கேள்வி. இவ்வளவு நிதானம் எதற்கு, 120 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் பத்து வருட வயது ஏறிவிடாதா? இந்த எண்ணத்துக்கு ஓர் அறிவியல் அடிப்படை இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் மின்காப்பைச் சூட்டில் வைத்துப் பார்த்த மான்ட்சிங்கர், ஏறக்குறைய ஒவ்வொரு 8 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகிறது என்று 1930ல் வெளியிட்டார். 1948ல் டேகின் அதற்கு வேதியியல் விளக்கம் தந்தார். காகிதத்தின் சிதைவு ஒரு வேதிவினை, வேதிவினையின் வேகம் வெப்பநிலையோடு அடுக்கு முறையில் கூடுகிறது, ஆகவே உயர்ந்த வெப்பநிலையில் குறுகிய காலம் தாழ்ந்த வெப்பநிலையில் நெடுங்காலத்துக்கு ஈடாகும். மோட்டார் பலகையின் வகுப்பு எழுத்துகளுக்கு இந்தச் சிந்தனையே அடித்தளம். ஆனால் இந்த ஈடுகட்டல் ஒரு நிபந்தனையோடுதான் செல்லும்: எல்லா வெப்பநிலையிலும் ஒரே வினை நடக்க வேண்டும். மெழுகுக் கண்டென்சரை 120 டிகிரியில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். வண்டியில் உருகுநிலைக்குக் கீழான சூட்டில் இருபது வருடம் ஓடியிருந்தால் அது ஒருபோதும் உருகியிருக்காது. அங்கே நடந்திருப்பது காகிதத்தின் மெதுவான சிதைவு, இங்கே நடந்தது உருகல். ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணக்கிடுவது அறிவியல் ஆகாது. தாருக்கும் இது பொருந்தும். ஒரு முறை உருகி மறுபடி உறைந்த தாருக்குள் நுண்ணிய காற்றுக் குமிழ்கள் சிக்கிக்கொள்ளும். உயர் அழுத்தம் வரும்போதெல்லாம் அந்தக் குமிழ்களுக்குள் சின்னஞ்சிறு மின்கசிவுகள் நடந்து, காப்பை உள்ளிருந்தே அரிக்கும். சோதனை புதிதாக ஒரு நோயை உண்டாக்கிவிட்டு, அதை முதுமை என்று பெயரிட்டது போலாகும். அசல் பாகங்களை எந்தப் பொருள் முதலில் இளகுமோ அந்த வெப்பத்துக்குச் சில டிகிரி கீழேயே நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போய்ப் பார்க்க வேண்டுமானால், ஏற்கெனவே உயிர் விட்ட காயில்களை அதற்கென்று ஒதுக்கலாம்.

'வண்டி சூட்டில் நிற்பதற்குப் பெட்ரோல் கொதிப்பதே காரணம், இக்னிஷன் அன்று' என்பது அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சொல்லும் எதிர்வாதம். குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வது உண்மையான கோளாறுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகை ஏறும்போதோ, ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளில் வால்பாறை ஏறும்போதோ, கீழ் கியரில் என்ஜின் முழுத் திறனில் உழைக்கும், வண்டியின் வேகம் குறைவானதால் காற்று வீச்சும் குறைவு. வளைவில் நிறுத்தி ஓய்வு கொடுத்தால் முதல் சில நிமிடங்களுக்கு என்ஜின் அறையின் வெப்பம் குறைவதற்குப் பதிலாகக் கூடவே செய்யும். விசிறியும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிட, இரும்பில் தேங்கிய சூடு சுற்றிலும் இருக்கும் பாகங்களுக்குப் பரவுகிறது. இந்தக் கட்டத்தில் பெட்ரோல் குழாயும் காயிலும் ஒன்றாகவே சூடேறுகின்றன. பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டதும் வண்டி கிளம்பியது என்பது பெட்ரோல்தான் காரணம் என்பதற்கு முழுச் சான்று ஆகாது. துணி போட்டு, காத்திருந்த நேரத்தில் காயிலும் ஆறியிருக்கும். பிரித்தறிய ஒரே வழி, வண்டி நின்ற அந்தக் கணத்திலேயே, எதையும் ஆற விடாமல், காயிலைக் கூர்முனைச் சோதனையில் ஓட விட்டுப் பார்ப்பது. 6 மில்லிமீட்டரைத் தப்பாமல் தாண்டினால் பெட்ரோலைத் தேடலாம். டி மாடலைப் போலப் பெட்ரோல் தானே இறங்கிவரும் வண்டிகளில், பம்ப் இல்லாத காரணத்தால் இந்த அடைப்பின் வாய்ப்பு குறைவு, ஆகவே சந்தேகம் காயில் பக்கம் சற்றுக் கூடுதலாகவே சாய வேண்டும்.

'அந்தக் காலத்தில் இதே வெயிலில், இதே மலையில் ஓடவில்லையா?' என்பது இன்னொரு கேள்வி. ஓடின. ஆனால் அன்று அந்தக் காகிதத்துக்கு வயது ஒன்றோ இரண்டோ, இன்று நூறு. அன்று கண்டென்சரும் பாயிண்ட்டும் தேய்ந்ததும் மாற்றும் பொருட்களாகவே விற்கப்பட்டன. நம் கண்ணுக்கு முன்னால் இன்று நிற்பவை தாக்குப்பிடித்த வண்டிகள் மட்டுமே. வழியில் எரிந்து போன காயில்கள் எதுவும் அருங்காட்சியகத்துக்கு வருவதில்லை. எஞ்சியவற்றை மட்டும் பார்த்து எல்லாமே உறுதியாக இருந்தன என்று முடிவு கட்டுவதில் உள்ள பிழை வேறு துறைகளிலும் நன்கு அறியப்பட்டதே.

இவை எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பழைய கண்டென்சரை எடுத்துவிட்டு, இன்றைய பிளாஸ்டிக் படலக் கண்டென்சரை உள்ளே வைத்துவிட்டால் சோதனையே தேவையில்லையே என்பது. ஓட்டுவதற்கு மட்டும் வண்டி வைத்திருப்பவருக்கு இது நல்ல யோசனைதான், நான் எதிர்க்கமாட்டேன். டி மாடல் காயில்களுக்குப் பலரும் செய்வது இதுவே. ஆனாலும் சோதனை தேவையில்லாமல் போய்விடாது. பாலிப்ரொப்பிலீன் கண்டென்சர்களில் பெரும்பாலானவற்றுக்கு உச்ச வரம்பு 105 டிகிரி, 85ஐத் தாண்டியதுமே அவை தாங்கக்கூடிய மின்னழுத்தத்தைக் குறைத்துக் கணக்கிட வேண்டும். பாலியெஸ்டர் 125 வரை போகும். பழைய உறைக்குள் எதையோ அடைத்து விற்கும் மலிவான மாற்றுப் பாகங்களில் எது இருக்கிறது என்று வெளியே தெரியாது, குளிரில் அளந்தால் எல்லாமே ஒழுங்காகத்தான் காட்டும். அதோடு, கண்டென்சரை மாற்றிய பின்பும் துணைச் சுற்றின் பல்லாயிரம் சுற்றுகளும் அவற்றுக்கு நடுவே உள்ள நூற்றாண்டுக் காகிதமும் அப்படியேதான் இருக்கின்றன. அதை மாற்றினால் காயிலையே புதிதாகக் கட்டியது போலத்தான். அருங்காட்சியகத்தின் கடமை வேறு: அசல் பொருள் அசலாகவே இருக்க வேண்டும், அது எதுவரை பாதுகாப்பாக இயங்கும் என்ற எல்லையும் தெரிய வேண்டும். அந்த எல்லையைச் சூட்டுச் சோதனை மட்டுமே சொல்லும்.

கொங்கு நாட்டில் இதற்கு வேண்டியது எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. மெகர், வார்னிஷ் உலர்த்தும் அடுப்பு, சிறு தடை அளக்கும் மீட்டர், இவற்றைத் தினமும் கையாளும் விரல்கள், எல்லாம் கோவையின் காயில் கட்டும் பட்டறைகளில் உண்டு. குறைவது பதிவு மட்டும்தான். ஒவ்வொரு பழைய காயிலுக்கும் ஓர் அட்டை வைத்து, உலர்த்திய பின் குளிர்ந்த தடை, 40, 50 டிகிரிகளில் தடையும் காப்புத் தடையும், கூர்முனைச் சோதனையில் எத்தனை நிமிடத்தில் முதல் பொறி தப்பியது, ஆறிய பின் எல்லா அளவும் மறுபடி, அன்றைய அறை வெப்பமும் ஈரப்பதமும் என்று எழுதி வைக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை, முடிந்தால் மார்ச்சில் ஒன்றும் ஜூலைச் சாரலில் ஒன்றுமாக, இதையே திரும்பச் செய்தால் ஐந்தாறு ஆண்டுகளில் ஒவ்வொரு காயிலின் ஆறிய அளவும் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது அட்டையிலேயே தெரியும். மூன்று ஆண்டுகளாக அசையாமல் நிற்கும் காயிலை உதகைக்கு ஏற்றலாம். ஒவ்வோர் ஆண்டும் காப்புத் தடையில் பாதியை இழக்கும் காயிலைச் சோதனையைவிட்டும் வண்டியைவிட்டும் விலக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும்.